வந்து போகிறவருக்கும் வழி வேண்டும்: திறமூலத் திட்டங்களில் ஆவணம் என்ன செய்கிறது?

தன்னார்வலர்கள் நடத்தும் மென்பொருள் திட்டங்களில் ஒரு மனக்குறையை அடிக்கடி கேட்கலாம்: “பயன்படுத்த ஆயிரம் பேர் இருக்கிறார்கள், கைகொடுக்கத்தான் ஆளில்லை.” உடனே அதற்கு ஒரு காரணமும் சொல்லப்படும். மக்களுக்கு அக்கறை இல்லை, இலவசமாகக் கிடைத்தால் போதும் என்று இருக்கிறார்கள் என்பார்கள். இந்தக் காரணத்தை நான் நம்புவதில்லை. ஆர்வத்தோடு வந்து வாசலிலேயே திரும்பிப் போனவர்கள் நிறைய பேர். அவர்களில் நானும் ஒருவன்.

சில ஆண்டுகளுக்கு முன், நான் தினமும் பயன்படுத்திய ஒரு சிறிய கருவி தேதியைத் தவறாகக் காட்டியது. நிரலைத் திறந்து பார்த்தேன். ஒரே ஒரு வரிதான் தப்பு, பத்து நிமிட வேலை. ஆனால் திருத்தியது சரியாக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டுமே! அதற்காக அந்தக் கருவியை என் கணினியில் நிறுவி ஓட்டப் பார்த்தேன். வழிகாட்டியில் சொல்லியிருந்த கோப்பே அங்கே இல்லை. வேறு இரண்டு மென்பொருள்கள் வேண்டும் என்பது பிழைச் செய்தி வந்த பிறகுதான் தெரிந்தது. இரண்டு மாலைகள் போயின. மூன்றாம் நாள் விட்டுவிட்டேன். நான் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது அந்தத் திட்டத்தை நடத்தியவருக்கு.

ஆவணம் என்றாலே எல்லா வேலையும் முடிந்த பிறகு, பயன்படுத்துவோருக்காக எழுதும் கையேடு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆள் சேர்ப்பதைத் தனி வேலையாக, ஒரு விளம்பரம் போலப் பார்க்கிறார்கள். ஆனால் ஒரு மாலை மட்டும் உதவ வருகிறவரைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே வேலை. ஏன் அப்படி என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

உரிமம் தருவது அனுமதி மட்டுமே

மூல நிரலை யாரும் படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்கும் தரலாம் என்று உரிமத்திலேயே எழுதிக் கொடுக்கப்பட்ட மென்பொருள்தான் திறமூல மென்பொருள். இந்தப் பெயர் 1998-ல் வந்தது. பழக்கம் அதைவிடப் பழையது: லினக்ஸ் என்ற இயங்குதளம் 1991-ல் தொடங்கியது, அதை அடிப்படையாகக் கொண்டு தன்னார்வலர்கள் உருவாக்கும் டெபியன் 1993-ல்.

இன்னும் மூன்று சொற்கள் தெரிந்திருந்தால் போதும். நிரலும் அதன் மாற்ற வரலாறும் சேர்ந்து இருக்கும் இடம் களஞ்சியம். எந்த மாற்றம் உள்ளே வரலாம் என்று முடிவு செய்கிறவர் பராமரிப்பாளர். “இந்த மாற்றத்தைச் செய்திருக்கிறேன், பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்” என்று வெளியிலிருந்து ஒருவர் அனுப்பும் விண்ணப்பம் புல் ரிக்வெஸ்ட்.

உரிமம் தருவது சட்டப்படியான அனுமதி. எந்தக் கோப்பை மாற்றுவது, மாற்றியதை எப்படிச் சோதிப்பது, யாரிடம் கேட்பது என்பதெல்லாம் அதில் இருக்காது. “கதவு திறந்துதானே இருக்கிறது, ஏன் யாரும் வருவதில்லை?” என்று கேட்கிறவர்கள், அனுமதி கிடைத்தாலே வேலை செய்யவும் முடியும் என்று எண்ணிவிடுகிறார்கள்.

பெட்டியின் மேல் எழுதிய சொல்

ஒருவர் வீடு மாற்றுகிறார். ஆறு நண்பர்கள் உதவிக்கு வந்திருக்கிறார்கள். எல்லோருக்கும் அன்று காலைப்பொழுது மட்டும்தான் நேரம். பெட்டிகளின் மேல் எதுவும் எழுதவில்லை. முதல் நண்பர் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு “இது எங்கே?” என்கிறார். அடுத்தவரும் கேட்கிறார், அதற்கடுத்தவரும். வீட்டுக்காரர் கூடத்தின் நடுவே நின்று பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறார். அவர் ஒரு பெட்டியைக்கூடத் தொடவில்லை. வந்தவர்களோ பாதி நேரம் காத்து நிற்கிறார்கள். மதியம் அவர்கள் கிளம்பிப் போனதும் அவருக்குத் தோன்றுவது: “இதைத் தனியாகவே செய்திருக்கலாம்.”

அதே ஆறு பேர், அதே காலை. ஆனால் பெட்டிகளின் மேல் “சமையலறை”, “கண்ணாடி, மெதுவாக”, “புத்தகம், இரண்டு பேர் தூக்கவும்” என்று எழுதியிருக்கிறது. இப்போது யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. எழுத்து எந்தப் பெட்டியையும் தூக்கவில்லை; வீட்டுக்காரர் ஆறு முறை சொல்லவேண்டிய பதிலை ஒருமுறை சொல்லி வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இதில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்த நண்பர்களில் ஒருவர் ஒரு மாதம் தங்கப்போகிறார் என்றால் அவருக்குப் பெட்டியின் மேல் எழுதியிருக்கவே வேண்டாம். இரண்டு நாளில் கேட்டுக் கேட்டே எல்லாம் பழகிவிடும். காலையில் வந்து மதியம் போகிறவருக்குத்தான் அது உயிர். ஒருவர் இருக்கப்போகும் நேரம் குறையக் குறைய, எழுதி வைத்ததன் மதிப்பு கூடுகிறது. என்னைக் கேட்டால் இந்த விஷயத்தின் மையமே இதுதான்.

ஒருமுறை மட்டும் வருகிறவர்கள்

ஒரு திட்டத்துக்கு ஒரே ஒரு மாற்றத்தை அனுப்பி, அது ஏற்கப்பட்டபின் திரும்ப வராதவரை வந்துபோகும் பங்களிப்பாளர் என்போம். 2016-ல் வெளியான ஓர் ஆய்வு, பல திட்டங்கள் தங்கள் களஞ்சியங்களை வைத்திருக்கும் கிட்ஹப் என்ற இணையதளத்தில் இருந்த 275 பிரபலமான திட்டங்களை எடுத்து இவர்களைக் கணக்கிட்டது. பங்களித்தவர்களில் 48.98% பேர், அதாவது ஏறக்குறையப் பாதிப்பேர், இந்த வகை. மொத்தப் பங்களிப்புகளில் அவர்கள் பங்கு 1.73% மட்டுமே.

இரண்டாவது எண்ணைப் பார்த்ததும் “இவர்களுக்காக ஏன் மெனக்கெட வேண்டும்?” என்று தோன்றலாம். ஆனால் அவர்கள் என்ன செய்தார்கள் என்றும் அந்த ஆய்வு பார்த்தது. எழுத்துப்பிழை, இலக்கணத் திருத்தம் போன்ற சிறு வேலைகள் 28.64%. நிரல் பிழைகளைச் சரிசெய்தவை 30.20%. புதிய வசதிகள் சேர்த்தவை 18.75%. வந்து போகிறவர் என்றால் காற்புள்ளி திருத்துகிறவர் மட்டும்தான் என்ற எண்ணம் இங்கே அடிபட்டுப் போகிறது.

அந்தப் பிழைத் திருத்தங்களின் மதிப்பு எண்ணிக்கையில் தெரியாது. பராமரிப்பாளரிடம் இருப்பது ஒரு கணினி, ஒரு மொழி, ஒரு பழக்கம். வெளியிலிருந்து வருகிறவர் வேறு இயங்குதளத்தில் ஓட்டுகிறார். திரையில் இருப்பதைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் வைத்துப் பயன்படுத்துகிறார். யாரும் நினைத்தே பார்க்காத அளவுக்குப் பெரிய கோப்பைத் திறக்கிறார். அவர் கண்ணில் படும் பிழை, உள்ளே இருப்பவர் கண்ணில் எத்தனை ஆண்டானாலும் படாமல் போகலாம்.

இவரை “நிரந்தரமாகத் தங்காமல் போனவர்” என்று குறையோடு பார்ப்பது எனக்கு உடன்பாடில்லை. தனக்கு இடைஞ்சலாக இருந்ததைச் சரிசெய்தார், அது எல்லோருக்கும் பயன்படட்டும் என்று அனுப்பினார், தன் வேலையைப் பார்க்கப் போனார். அந்த அளவில் அது முழுமையான உதவி.

இதுவரை பார்த்தது: திட்டங்களுக்கு வருகிறவர்களில் பெரும்பகுதியினர் சிறிது நேரமே இருப்பவர்கள், அவர்கள் செய்வது சிறு வேலைகள் மட்டுமல்ல, எழுதி வைத்ததை அதிகம் சார்ந்திருப்பவர்களும் அவர்களே.

ஒரு மாலைப்பொழுதின் கணக்கு

இப்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஒருவரிடம் ஒரு மாலை இருக்கிறது, மூன்று மணிநேரம் என்று வைத்துக்கொள்வோம். அவர் களஞ்சியத்தைத் தன் கணினிக்கு இறக்க வேண்டும். தேவையான துணை மென்பொருள்களை நிறுவ வேண்டும். பிழை எந்தக் கோப்பில் என்று தேட வேண்டும். திருத்த வேண்டும், சோதிக்க வேண்டும், அந்தத் திட்டம் கேட்கும் முறையில் அனுப்ப வேண்டும். இவற்றில் உண்மையான வேலை “திருத்துவது” ஒன்றுதான். மற்றதெல்லாம் நுழைவுச் செலவு.

இந்தச் செலவுக்கு ஒரு குணம் உண்டு: ஒரு மாற்றம் செய்தாலும் நூறு மாற்றம் செய்தாலும் ஏறக்குறைய அதே அளவுதான். நூறு மாற்றம் செய்கிறவருக்கு அது நூறாகப் பிரிந்துவிடும், கனம் தெரியாது. ஒன்று மட்டும் செய்ய வந்தவர் மொத்தத்தையும் அந்த ஒன்றுக்காகவே கட்டுகிறார். நுழைவு இரண்டரை மணிநேரம் பிடித்தால், அரை மணியில் முடியும் வேலை மட்டுமே அந்த மாலையில் நடக்கும். நுழைவே மூன்றரை மணிநேரம் என்றால் எதுவும் நடக்காது. பாதித் தூரம் வந்ததற்குப் பாதிப் பலன் என்று இங்கே எதுவும் கிடையாது.

கணக்கின் மறுபக்கத்தில் பராமரிப்பாளர் இருக்கிறார். அவரும் தன்னார்வலர், அவருக்கும் மாலைகள்தான் உண்டு. வந்த மாற்றம் திட்டத்தின் முறைப்படி இல்லை, சோதனை (நிரல் சரியாக ஓடுகிறதா என்று தானாகப் பார்க்கும் சிறு நிரல்) சேர்க்கவில்லை என்றால் அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். முதல் கடிதத்துக்குப் பதில் வரும். இரண்டாவதற்கு வருமா என்பது சந்தேகம், ஏனென்றால் அந்த மாலை முடிந்துவிட்டது. இருவரும் நேரம் செலவழித்தும் மாற்றம் உள்ளே போகாமல் தொங்கும். “வெளியாள் உதவியால் வேலை கூடத்தான் செய்கிறது” என்று பராமரிப்பாளர்கள் அலுத்துக்கொள்வதில் உண்மை இருக்கிறது.

நல்ல ஆவணம் இரண்டு பக்கச் செலவையும் ஒரே நேரத்தில் குறைக்கிறது.

எழுதவேண்டியவருக்கே தெரியாமல் போவது

பிறகு ஏன் எழுதுவதில்லை? சோம்பல் என்று சொல்லிவிடுவது எளிது, ஆனால் நியாயமில்லை. பழகிய வீட்டில் இருட்டிலும் கை சரியான சுவிட்சுக்குப் போகும். அந்தப் பலகையில் ஐந்து சுவிட்சுகள் இருக்கின்றன, எது எதற்கென்று எங்குமே எழுதவில்லை என்பது வீட்டுக்காரருக்கு உறைப்பதே இல்லை. விருந்தாளிதான் ஐந்தையும் தட்டிப் பார்க்கிறார். பராமரிப்பாளரின் கணினியில் எல்லாம் பல ஆண்டுகளுக்கு முன்பே நிறுவி முடிந்தது. வழிகாட்டியில் ஒரு படி விடுபட்டிருந்தால் அவருக்கு அது இடைவெளியாகத் தெரியாது.

அதோடு, திரும்பிப் போனவர்கள் யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. என் கதை அதுதானே! எல்லாத் தடைகளையும் தாண்டி வந்து சேர்ந்தவர்களை மட்டுமே பராமரிப்பாளர் சந்திக்கிறார். அவர்களைப் பார்த்து, வழி சரியாகத்தான் இருக்கிறது என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்.

2017-ல் கிட்ஹப் நடத்திய திறமூலக் கருத்தாய்வில், முழுமையற்ற அல்லது காலாவதியான ஆவணங்களை ஒரு பிரச்சினையாகக் கண்டதாகச் சொன்னவர்கள் 93%. அதே ஆய்வில், ஆவணங்களுக்கு அரிதாகவே பங்களிக்கிறோம் அல்லது பங்களிப்பதே இல்லை என்று சொன்ன பங்களிப்பாளர்கள் 60%. குறை எல்லோருக்கும் தெரிகிறது, கை வைக்கத்தான் தயக்கம்.

இதற்கு நான் கண்ட நல்ல மருந்து, புதிதாக வந்தவரையே குறிப்பெடுக்கச் சொல்வது. “நிறுவும்போது எங்கே தடுமாறினீர்கள், எதைத் தேட வேண்டியிருந்தது என்று நாலு வரி எழுதுங்கள்” என்று கேட்டால் போதும். அந்தப் பார்வை ஒருவருக்கு முதல் நாள் மட்டுமே இருக்கும். அடுத்த வாரம் அவருக்கும் கை தானாகச் சுவிட்சுக்குப் போகும்.

என்ன எழுதுவது?

பயன்படுத்துகிறவருக்கும் மாற்ற வருகிறவருக்கும் தேவைகள் வேறு. இரண்டையும் ஒரே கோப்பில் கலக்கும்போது இருவருக்குமே பயன் குறைகிறது. ரீட்மீ என்ற கோப்பு களஞ்சியத்தின் முகப்பு: இது என்ன, யாருக்கு, எப்படி நிறுவுவது, இன்னும் பராமரிக்கப்படுகிறதா என்பது அங்கே இருக்க வேண்டும். மாற்ற வருகிறவருக்கான வழிகாட்டி தனிக்கோப்பு. வழக்கமாக அதற்குக் கான்ட்ரிபியூட்டிங் என்று பெயர். இந்தப் பெயரில் கோப்பு இருந்தால், ஒருவர் புல் ரிக்வெஸ்ட் திறக்கும்போதே கிட்ஹப் அதற்கான இணைப்பைக் காட்டும்.

அந்த வழிகாட்டியில் கட்டளைகள் வரிசையாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் முடிந்ததும் திரையில் என்ன வர வேண்டும் என்பதும் கூடவே வேண்டும். “இந்தக் கட்டளையை இடுங்கள்” என்று சொல்லி நிறுத்திவிட்டால், வந்தது சரியா தவறா என்று புதியவருக்குத் தெரியாது. சோதனைகளை எப்படி ஓட்டுவது, சந்தேகத்தை எங்கே கேட்பது என்பதையும் எழுதுங்கள். பதில் எத்தனை நாளில் வரும் என்பதை உள்ளபடியே எழுதுங்கள். “இரண்டு வாரம் ஆகலாம்” என்று முன்பே தெரிந்தவர் பத்தாம் நாள் பொறுமையாக இருப்பார். தெரியாதவர் மூன்றாம் நாளே, தன்னை யாரும் மதிக்கவில்லை என்று எண்ணிவிடுவார்.

பலரும் மறப்பது “எது வேண்டாம்” என்ற பகுதியை. ஒருவர் தன் வாரஇறுதி முழுவதையும் போட்டு ஒரு வசதியைச் செய்து அனுப்புகிறார். “இது எங்கள் திட்டத்தின் எல்லைக்கு வெளியே” என்று பதில் வருகிறது. பராமரிப்பாளர் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்த எல்லை இதுவரை அவர் மனதில் மட்டும்தான் இருந்தது. பெரிய வேலை தொடங்குமுன் கேளுங்கள், இன்னின்ன வசதிகளை ஏற்பதில்லை என்று இரண்டு வரி இருந்திருந்தால் அந்த வாரஇறுதி வீணாகியிருக்காது. எழுத உட்கார்ந்தால்தான் சில விதிகள் இன்னும் முடிவாகவே இல்லை என்பதும் தெரியவரும். அந்தக் குழப்பத்தை வெளியே கொண்டுவருவதும் ஆவணத்தின் வேலைதான்.

இணையதளங்களை உருவாக்க உதவும் ஜாங்கோ என்ற வலைச் சட்டகத்தின் ஆவணத்தில் முதல் பங்களிப்புக்கென்றே ஒரு பயிற்சி இருக்கிறது. அதில் செய்யச் சொல்லும் மாற்றம் கற்பனையானது: “மேக் டோஸ்ட்” என்றொரு செயற்கூறு, அதாவது ஒரு சிறு வேலையைச் செய்யும் நிரல் துண்டு; அது “டோஸ்ட்” என்ற சொல்லைத் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான். களஞ்சியத்தை இறக்குவது, சோதனை எழுதுவது, நிரல் எழுதுவது, ஆவணத்தில் சேர்ப்பது என்று முழுப் பாதையையும் இந்தப் பொம்மை வேலையை வைத்தே நடத்திக் காட்டுகிறார்கள். நிரல் சிக்கலே இல்லாததால் கற்பவரின் கவனம் முழுவதும் முறையின் மேல் இருக்கிறது. அருமையான யோசனை.

சிலவற்றை எழுத வேண்டியதுகூட இல்லை. லினக்ஸில், ஒரு கோப்பில் செய்த மாற்றத்தை யாருக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிடும் ஒரு சிறு நிரல் களஞ்சியத்துக்குள்ளேயே இருக்கிறது. அதுவும் ஆவணம்தான்.

அழைப்பும் ஆவணம்தான்

“பங்களிப்பாளர்கள் தேவை, வாருங்கள்” என்ற பொது அழைப்பால் பெரிதாக எதுவும் நடப்பதில்லை. வருகிறவருக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியாது. ஆகவேதான் பல திட்டங்கள் தங்கள் வேலைப் பட்டியலில் சிலவற்றுக்கு “குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ” என்ற லேபிளை ஒட்டுகின்றன. புதியவர் தொடங்க ஏற்ற வேலை என்று பொருள்.

லேபிள் ஒட்டினால் மட்டும் வேலை எளிதாகிவிடாது. பராமரிப்பாளருக்கு ஐந்து நிமிட வேலை என்றால், அது அவருக்கு எல்லா இடமும் தெரியும் என்பதால்தான். எந்தக் கோப்பு, இப்போது என்ன நடக்கிறது, என்ன நடக்க வேண்டும், முடிந்ததை எப்படிச் சரிபார்ப்பது என்ற நான்கும் அந்தக் குறிப்பிலேயே இருந்தால்தான் அது புதியவருக்கும் எளிது. இப்படி எழுத இருபது நிமிடம் ஆகலாம்; தானே ஐந்து நிமிடத்தில் முடித்திருக்கலாம். அந்த ஒரு வேலையை மட்டும் பார்த்தால் நட்டம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் வெளியாள் ஒருவர் அந்தப் பாதையில் ஒருமுறை நடந்து பார்ப்பதால் தெரியவரும் ஓட்டைகள், அடுத்து வரும் எல்லோருக்கும் பயன்படும்.

அழைப்பு பெரிதாகி, வழி மட்டும் இல்லாமல் போனால் என்னாகும் என்பதற்கு 2020 அக்டோபர் ஓர் உதாரணம். ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்ற நிகழ்வு 2014 முதல் நடக்கிறது. அந்த மாதத்தில் நான்கு புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் டிஷர்ட் கிடைக்கும் என்பது அப்போதைய ஏற்பாடு. 2020-ல் தொடக்க நாட்களிலேயே, ரீட்மீ கோப்பில் பொருளற்ற ஒரு சொல்லைச் சேர்த்து அனுப்பும் விண்ணப்பங்கள் எண்ணற்ற களஞ்சியங்களில் குவிந்தன. அவற்றை மூடுவதே பராமரிப்பாளர்களுக்கு வேலையாகிப் போனது. சில நாட்களிலேயே விதியை மாற்றினார்கள்: விருப்பம் தெரிவித்த களஞ்சியங்கள் மட்டுமே கணக்கில் வரும் என்றார்கள். ஆள் வந்தார்கள், எதற்காக வருவது, எந்த உதவி உதவி ஆகும் என்பது சொல்லப்படவில்லை.

சுருக்கமாக: அழைப்பின் அளவைவிட, அழைப்பைக் கேட்டவர் அடுத்த நிமிடம் எங்கே போவார் என்பதே முக்கியம்.

ஆவணத்தையே முதல் வேலையாக்குதல்

ஆவணப் பக்கத்தைத் திருத்த நிரலை நிறுவ வேண்டியதில்லை. பல திட்டங்களில் ஒவ்வொரு பக்கத்திலும் “இந்தப் பக்கத்தைத் திருத்து” என்ற இணைப்பு இருக்கிறது. சொடுக்கி, உலாவியிலேயே மாற்றி அனுப்பிவிடலாம். நுழைவுச் செலவு இதைவிடக் குறைய வழியில்லை.

இந்த இணைப்பின் வலிமைக்குச் சான்று மென்பொருளுக்கு வெளியே இருக்கிறது. 2000-ல் நூபீடியா என்ற இணையக் கலைக்களஞ்சியம் தொடங்கியது. ஒவ்வொரு கட்டுரையும் ஏழு படிச் சரிபார்ப்பைத் தாண்ட வேண்டும். முதல் ஆண்டில் தேறிய கட்டுரைகள் ஏறக்குறைய இருபது. 2001 ஜனவரியில் அதற்குத் துணையாக விக்கிப்பீடியா தொடங்கியது. யாரும் உடனே திருத்தலாம் என்ற ஒரே மாற்றத்தால் அது முதல் ஆண்டிலேயே பல்லாயிரம் கட்டுரைகளாக வளர்ந்தது. தொடங்கியவர்கள் அதே ஆட்கள்தான்.

ஆனால் ஆவணத் திருத்தத்தை “சும்மா சின்ன வேலை” என்று நடத்தினால் யாரும் மறுபடி செய்யமாட்டார்கள். வெளியீட்டுக் குறிப்பில் நிரல் எழுதியவர் பெயர் வருமிடத்தில் பக்கம் திருத்தியவர் பெயரும் வரட்டும்.

பழையதாகிப்போன ஆவணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எதுவுமே எழுதாத திட்டத்தில் நான் கேட்டுத் தெரிந்துகொள்வேன். தவறாக எழுதியிருக்கும் திட்டத்தில், தப்பு என் மேல் என்று நினைத்து இரண்டு மாலைகளை இழப்பேன். நிரலை மாற்றும் அதே புல் ரிக்வெஸ்டிலேயே ஆவணத்தையும் மாற்ற வேண்டும் என்று விதி வைப்பது ஒரு காப்பு. எப்போதாவது, எதுவும் நிறுவாத புதிய கணினி ஒன்றில் தன் வழிகாட்டியைத் தானே வரி பிசகாமல் பின்பற்றிப் பார்ப்பது இன்னொன்று.

தேதிப் பிழையைக் கைவிட்ட அதே ஆண்டில், வேறொரு கருவியில் வேறொரு பிழை கண்ணில் பட்டது. தயங்கித்தான் அதன் வழிகாட்டியைத் திறந்தேன். நான்கு கட்டளைகள். ஒவ்வொன்றின் கீழும் திரையில் என்ன வரும் என்று எழுதியிருந்தது, அதுவே வந்தது. நாற்பது நிமிடத்தில் திருத்தத்தை அனுப்பிவிட்டேன். பதில் ஒரு வாரத்துக்குள் வரும் என்று போட்டிருந்தார்கள், நான்காம் நாள் வந்தது, சேர்த்துக்கொண்டார்கள். அதன்பிறகு அந்தத் திட்டத்துக்கு நான் எதுவும் அனுப்பவில்லை. அந்த ஒரு வரி இன்னும் அதன் நிரலில் ஓடிக்கொண்டிருக்கிறது.